சவரிமுத்து அண்ணனின் இரண்டு மயக்கங்கள்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத வராது. இதையும் சமையலறைக்கும் முன்வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டேதான் சொல்கிறேன். மகள் போனில் பதிந்து பிறகு எழுதுகிறாள். நடுவில் அடுப்பைப் பார்க்க ஓடுவேன், விட்ட இடத்தை மறந்துவிட்டு வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம், நடிப்புப் பழகும் நீங்கள் எல்லோரும் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு வந்தபோது, ஆளுக்கு ஒரு விதமாக ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். சிரிப்பு நடிப்பில் டைமிங் எப்படி வரும் என்று. தேத்தண்ணியைக் கொடுத்து ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. டைமிங் வரும் பிள்ளைகளே, சபையில் நாலு தடவை சிரிப்பில்லாமல் நின்று முகம் கறுத்தால் தானாக வரும். எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்த வேலையில் ஆளை அடிக்கிற கேள்வி அதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் தூத்துக்குடிக்காரி. கண்டியில் துணிக்கடையில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். வந்த புதிதில் நான் நாற்காலி என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள், பீரோ என்றால் இன்னும் சிரிப்பார்கள். அவற்றுக்கு இங்கே சொல்லும் கதிரையும் அலுமாரியும் என் வாயில் ஏறுவதற்குள் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இவர்கள் கேலி செய்யவில்லை, இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்படுகிறார்கள். மாதா கோயில் திருவிழாவில் ஒரு சின்ன நாடகத்தில் அந்தப் பேச்சையே பேசினேன். அதைப் பார்த்த ஒரு யாழ்ப்பாணத்து டைரக்டர் என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டு டிவியில் நிற்க வைத்தார். அதிலிருந்து நான் எல்லோருக்கும் இந்தியாக்கா. விசாவைப் புதுப்பிக்கப் போனால்கூட கவுண்டரில் இருந்த அம்மணி டிவியில் சொல்வதை ஒருமுறை சொல்லச் சொல்லிச் சிங்களத்தில் கேட்பார். சொல்வேன். சொல்லிவிட்டு, சிரித்தாரா என்று பார்ப்பேன். வந்த ஊரில் பிழைப்பவருக்கு அந்தப் பழக்கம் போவதே இல்லை.

அந்த டைரக்டர் எனக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னார். "இடையில நிப்பாட்டக் கூடாது பிள்ளை. மற்றவன் என்னத்தைச் செய்தாலும் வாங்கித் திருப்பிக் குடும்." நல்ல விதி. அதை வைத்துத்தான் நான் இத்தனை காலம் சோறு தின்றேன். அது எங்கே உதவாது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

சரி, சவரிமுத்து அண்ணன். ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் கடை கடையாக வேலை பார்த்து, நடிக்க வந்தவர். நானும் அவரும் ஒரு வாராந்திர நகைச்சுவைத் தொடரில் புருஷன் பெண்டாட்டியாக நடித்தோம். மலையகத்துப் புருஷன், இந்தியாவிலிருந்து வந்த பெண்டாட்டி, இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் ஒரு தேத்தண்ணிக் கடை. அவ்வளவுதான் கதை. கலகெதரவில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து முன்பக்கத்தைக் கடையாக்கியிருந்தார்கள்.

அவருக்கு என்னைப் பிடிக்காது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். முதல் வாரமே என்னிடம், "சிரிப்பு ஒங்க பேச்சுக்கு வருது தங்கச்சி, ஒங்களுக்கு இன்னும் வரல" என்றார். எரிச்சலாக இருந்தது. உண்மை என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவருக்கோ வாயைத் திறக்கவே வேண்டாம். கேமரா எங்கே இருக்கிறது என்பது அவர் தோளுக்குத் தெரியும். தேயிலைத் தூளை அள்ளும்போதுகூட முகம் நமக்குத் தெரிகிற மாதிரி நிற்பார். முதுகைக் காட்டி நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே அவருடைய சம்சாரம் என்னைத் தனியே கூப்பிட்டார். அண்ணனுக்குச் சீனி வருத்தம், எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி என்போமே அது, ஊசி போடுகிறார், சாப்பாடு தள்ளிப்போனால் சீனி இறங்கி ஒரு மாதிரி ஆகிவிடுவார், உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்பது நீங்கள்தான் என்பதால் சொல்கிறேன், வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் வேறொரு தொடரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்காக அவரை மெதுவாகக் கழற்றிவிட்ட கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது. புருஷன் இல்லாத பெண்டாட்டியை வைத்து யாரும் தேத்தண்ணிக் கடைக் கதை எடுக்கப் போவதில்லை என்பதால், எனக்கும் அது நல்லதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நல்லவள் வேஷம் போட எனக்கு வராது.

அந்த நாளுக்கு வருகிறேன். மறுநாள் வீட்டுக்காரர் அதே வீட்டில் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கிறார், அதனால் பொழுது சாய்வதற்குள் சாமான்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும். காலையிலிருந்து மழை வந்து வந்து போனது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம், சாப்பாடு பிறகு என்று எங்கள் தொடரின் டைரக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காட்சி சுலபமானது. வந்த விருந்தாளிக்கு அவர் தேத்தண்ணி போட வேண்டும், நான் பின்னால் நின்று குறை சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். எங்கள் கடையில் சீனிப் போத்தலில் இருந்தது உப்பு. லைட் சூட்டில் சீனியை வைத்தால் எறும்பு மொய்த்து, படத்தில் தெரியும் என்பதற்காக செட் போடுகிறவர் முதல் நாளிலிருந்தே உப்பைக் கொட்டி வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரியும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணன் அந்தப் போத்தலைத் திறந்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உப்பைத் தின்றுவிட்டு என்ன முகம் காட்டப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அதை வைத்து என்ன திருப்பிக் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் ஒரு முகமும் காட்டவில்லை. விழுங்கினார். பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றார்.

பக்கத்தில் போனேன். கழுத்தெல்லாம் வேர்வை. வாய் ஏதோ சொன்னது, சொல்லாக வரவில்லை. டைரக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் கையால் தொடர்ந்து செய்யுங்கள் என்று காட்டுகிறார். நிறுத்தினால் அண்ணனின் பிழைப்பு போகும். நிறுத்தாவிட்டால் ஆளே போய்விடுவார். எனக்கு யோசிக்க நேரமில்லை. பெண்டாட்டியாகவே இருந்து வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு காட்சியை விட்டு வெளியே நடந்தேன். வாசலோரத்தில் சவுண்ட் பார்க்கும் நானா உட்கார்ந்திருந்தார், திகனக்கார முஸ்லிம், அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தன்னுடைய பிளாஸ்கைத் திறந்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன் போட்டிருந்ததால் அண்ணனின் மூச்சை அவர் ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அவர் குடிக்கும் தேத்தண்ணி பாணிப் பாகு மாதிரி இனிக்கும், நாங்கள் எப்போதும் அதைக் கேலி செய்வோம்.

அதைக் கொண்டுவந்து அண்ணனின் தலையைப் பிடித்து, மடக்கு மடக்காக வாயில் ஊற்றினேன். பச்சைப் பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் புகட்டினேன். வாய் மட்டும் நிற்கவில்லை. கடையில் இருக்கிற சீனியை எல்லாம் தின்றுவிட்டு இப்போது விருந்தாளியின் தேத்தண்ணியையும் குடிக்கிறாயா என்று ஏசினேன். குரல் நடுங்கியது, அது இன்னும் வேடிக்கையாக இருந்ததாம். அண்ணனுக்குக் கண் தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. டைரக்டர் கட் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, மிகவும் மெதுவாக, "என்னா தங்கச்சி, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். நான் வீட்டின் பின்பக்கம் போய் அழுதேன்.

உங்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செட்டில் வாயில் போடக்கூடிய சாமான் எதுவாக இருந்தாலும் அது உண்மையான சாமானாக இருக்கட்டும். எறும்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். அடுத்த வாரமே நான் சண்டை போட்டு அந்தப் போத்தலில் சீனியை நிரப்ப வைத்தேன். செட் போடுகிறவர் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

அந்தக் காட்சி ஒளிபரப்பானது. ஆனதும் போன் போனாகப் பறந்தது. கல்யாண வீடுகளில் பையன்கள் சீனியை அள்ளித் தின்று சுவரைப் பார்த்து நின்றார்கள். கண்டி பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தவர்கள் வாயில் ஊற்றுவதுபோல் கையைக் காட்டினார்கள். சனங்கள் கேட்கிறார்கள், வாராவாரம் அண்ணன் மயங்க வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு அது வரவில்லை. உலகமே பாராட்டிய தன்னுடைய நடிப்பை அவரால் செய்ய முடியவில்லை. அவர் மயங்கினால் மயங்குகிற ஆள் மாதிரி இருந்தது, கண்ணைச் செருகினார், தள்ளாடினார், எல்லோரும் செய்வதைச் செய்தார். சனங்கள் பழைய ஞாபகத்தில் சிரித்தார்கள். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஒருநாள் மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கி நான் என்னா செஞ்சேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நீங்கதான் கிட்ட நின்னீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார்.

செய்து காட்டினேன். உப்புக்கு முகம் காட்டவே இல்லை என்றேன். முதுகைத் திருப்பினார் என்றேன். விரல்கள் எதையோ தேடுவதுபோல் சுவரில் ஓடியதையும், உதடு சொல்லைத் தொடங்கி விட்டுவிட்டதையும் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் திரும்பச் செய்யச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சிரிப்பு எனக்கு இன்னும் வரவில்லை என்று சொன்ன மனுஷன் என்னிடம் பாடம் கேட்கிறார். ஆனால் அவருடைய உண்மையான நோவை நான் கண்டுபிடிக்க எனக்கு இருந்த அடையாளங்கள் அவைதான். அவ்வளவையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. மறுநாள் அவரிடம் ஒரு ஏற்பாடு பேசினேன். நடிப்பென்றால், நான் தலையைப் பிடிக்கும்போது என் கையை ஒரு தடவை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் நான் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். சரி என்றார். ஒவ்வொரு வாரமும் தவறாமல் அமுக்கினார்.

நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிக்கு கண்டியில் ஒரு மண்டபத்தை எடுத்தார்கள். சனங்களை உட்கார வைத்து, அவர்கள் முன்னால் நடித்துப் பதிய வேண்டும். மண்டபம் நிரம்பி வழிந்தது. அண்ணன் போத்தலைக் கையில் எடுத்ததுமே விசில். வாயில் போட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. திரும்பி முதுகைக் காட்டினார். சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. நான் என் ஏச்சைத் தொடங்கினேன். ஆனால் சிரிப்பு வழக்கம்போல் ஏறவில்லை. முன்வரிசையில் நின்றது, பிறகு நடுவில் நின்றது. ஒரு குழந்தை அழுதது. இத்தனை வருடத்தில் ஒரு மண்டபம் அப்படி அடங்கிப்போனதை நான் கேட்டதில்லை.

நான் போய்த் தலையைப் பிடித்தேன். கையைக் கொடுத்தேன். அவர் கை என் கைக்குள் துணி மாதிரி கிடந்தது. "அண்ணே, அமுக்குங்க" என்று காதில் சொன்னேன். ஒன்றும் இல்லை. மூச்சைக் கேட்கக்கூடிய நானா மண்டபத்தின் கடைசியில் இருந்தார். முகத்துக்கு நேரே லைட், அவரைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். பிறகு அவரைத் தரையில் படுக்க வைத்துவிட்டு, மேடையின் முன்னால் வந்து நின்றேன்.

"இது நடிப்பு இல்ல. இவருக்குச் சீனி வருத்தம் இருக்கு. டாக்டர் யாராச்சும் இருந்தா மேல வாங்க."

சொன்னது முழுக்க மைக்கில் போனது. ஒருவர் எழுந்து ஓடி வந்தார். அவர் மேடைப்படியில் கால் வைக்கும் முன்பே அண்ணன் கண்ணைத் திறந்தார். தெளிவான கண். ஒரு மயக்கமும் இல்லாத கண். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அண்ணன் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும் என்றார்கள், செட்டில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார்கள். மற்ற இடங்களிலும் அதே பேச்சுப் பரவியது. எனக்கு ஒரு புதுப் புருஷனைக் கொண்டுவந்தார்கள். நான் போய் நடித்தேன். சோறு வேண்டாமா? அந்தப் பையன் நன்றாகத்தான் செய்தான், ஆனால் எங்களுக்குள் ஒட்டவில்லை. தொடர் நின்றது. என்னையும் யாரும் ஓய்வு பெறச் சொல்லவில்லை, கூப்பிடுவது நின்றுவிட்டது.

அண்ணனைப் பார்க்க ஹுன்னஸ்கிரியவுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்புவேன். பஸ் திகனவுக்கு வந்ததும் இறங்கித் திரும்பிவிடுவேன். அப்படி ஒருநாள் இறங்கியபோது கடைத்தெருவில் நானா எதிரே வந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "ஒண்டு செல்லோணும் ராத்தா. அண்டைக்கு மண்டபத்துல எனக்கு அவர்ட மூச்சு கேட்டது. நல்லாத்தான் இருந்திச்சு" என்றார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நினைத்தேன் என்றார். நான் உடையவில்லை. எனக்குக் கோபம் பொங்கியது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேரே மேலே போனேன்.

அண்ணன் தன் மகள் வீட்டில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. மூச்சு நன்றாக இருந்ததாமே, ஏன் கையை அமுக்கவில்லை என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்வார், அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது.

"மறக்கல" என்றார். "அந்த மொத வீடியோவ நான் நெறைய வாட்டி பாத்தேன். சனங்க என்னையப் பாத்துச் சிரிக்கல தங்கச்சி. ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சாங்க. உண்மையாப் பயந்த மூஞ்சி. நான் கைய அமுக்குன வாரமெல்லாம் நீங்க நடிச்சீங்க. மண்டபத்துல அமுக்கியிருந்தா அன்னைக்கும் நடிச்சிருப்பீங்க."

அப்போதுதான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு நின்றபோது உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "அப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சு, அந்த நடிப்பு வந்திருச்சுன்னு" என்றார். அவருக்கு அதைச் சொல்வதில் வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நம்பினீர்கள்தானே என்று கேட்டார். நம்பினேன் என்றேன்.

பிள்ளைகளே, நான் இன்றைக்கும் அதே இடத்தில் நின்றால் அதையேதான் செய்வேன். சந்தேகம் வந்துவிட்டால் நிறுத்துங்கள். சபை சிரித்தாலும் நிறுத்துங்கள், அடங்கிப்போனாலும் நிறுத்துங்கள். நிறுத்தியது தப்பாகிப் போனால் அதையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதைச் சொல்லும்போதும் என்னால் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை, மகள் அதட்டுகிறாள்.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸுக்கு அவரும் என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தார். பஸ் வளைவில் தெரிந்ததும், மனதில் அடைத்துக்கிடந்ததைக் கேட்டுவிட்டேன். ஒரு தடவை அமுக்கியிருந்தால் நீங்கள் இன்னும் வேலையில் இருந்திருப்பீர்கள் அண்ணே என்றேன்.

"தெரியும்" என்றார்.